தெரிவின் பயனும் அதன் விலையும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. கால்நடை வளர்ப்போர் இவ்வுண்மையைத் தொன்றுதொட்டே அறிந்திருந்தனர். அதனை ஒழுங்கான ஒரு முறையாக வகுத்துப் பயன்கொண்டோருள் முதலிடம் பெறுபவர், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த றொபேட் பேக்வெல் ஆவர்.

1725 இல் பிறந்து 1795 இல் மறைந்த பேக்வெல், டிஷ்லி என்னும் பண்ணையில் வாழ்ந்தார். அக்காலத்தில் கடாக்களும் மறிகளும் பெரும்பாலும் ஒருங்கே மேய்ந்தன. பேக்வெல் அவற்றைப் பிரித்து வளர்த்தார். தாம் விரும்பிய இயல்புடையனவற்றை மட்டுமே இணைத்தார். அவ்வியல்பு நிலைபெறும் பொருட்டு நெருங்கிய உறவுடைய விலங்குகளைத் தம்முட் சேர்க்கவும் அவர் தயங்கினாரல்லர். கடாக்களைப் பருவந்தோறும் வாடகைக்கு விட்டமையால், எக்கடாவின் குட்டிகள் சிறந்தவை என்பதைப் பிறர் பண்ணைகளிலும் கண்டறிந்தார். விரைவிற் கொழுக்கும் நியூ லெஸ்டர் செம்மறி இவ்வாறு தோன்றியது. நெடுங்கொம்பு மாடுகளையும் அவர் இம்முறையாலேயே திருத்தினார். ஆனால், அவற்றில் கொழுப்பு மிகுந்தபோது பாலும் கருவளமும் குன்றின.

பேக்வெல்லின் வழியைப் பின்பற்றி, டர்ஹம் பகுதியிற் கொலிங் சகோதரர் குறுங்கொம்பு மாடுகளை உருவாக்கினர். 1810 இற் சாள்ஸ் கொலிங் தம் மந்தையை ஏலத்தில் விற்றபோது, கொமெற் என்னும் காளை 1,000 கினிக்கு விலைபோயிற்று. அதன் தந்தை பேவரிற் என்னும் காளை. பேவரிற் தன் தாயோடு சேர்ந்து பெற்ற மகளே கொமெற்றின் தாய். உறவு இவ்வளவு நெருங்கியிருந்தும், விலை குறையவில்லை.

அதே ஏலத்தில் தொமஸ் பேற்ஸ் என்பவர் டச்சஸ் குலத்துப் பசு ஒன்றை வாங்கினார். 1849 இல் தாம் இறக்கும்வரை அக்குலத்தைப் போற்றி வளர்த்தார். அவர் பதின்மூன்று ஆண்டுகள் தம் மந்தைக்குள்ளேயே இனஞ்சேர்த்தார் என்றும், பின்வந்த பதினேழு ஆண்டுகளில் மும்முறை புறத்து இரத்தத்தைக் கலந்தார் என்றும் சாள்ஸ் டார்வின் 1868 இல் எழுதினார். உருவத்தைத் திருத்துதற்கன்று, கருவளம் குன்றியமையாலேயே அவர் அவ்வாறு செய்தாராம். அவருக்குப் பின் வந்தோர் குலத்தூய்மைக்கே விலை கொடுத்தனர். 1873 இல் நியூயோர்க் மில்ஸ் ஏலத்தில் டச்சஸ் பசு ஒன்று 40,600 டொலருக்கு விற்கப்பட்டது. ஆயினும், மலட்டுத்தன்மை மேலிட்டு அக்குலம் நாளடைவில் அற்றொழிந்தது.

இதற்குக் காரணம் யாது? தீய பரம்பரையலகுகள் பல, ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வரும்போது மறைந்திருக்கும். இருவரிடமிருந்தும் வரும்போதே அவை தீங்கு விளைவிக்கும். உறவு நெருங்க நெருங்க, அவை இணையும் வாய்ப்பும் பெருகும். அமெரிக்க அறிஞர் செவால் றைற் 1922 இல் இதனை அளக்கும் குணகத்தை வகுத்தார். டச்சஸ் குலத்தின் வமிசாவளியையும் ஆராய்ந்தார். தந்தையும் மகளும் இணைந்து பெறும் கன்றுக்கு அக்குணகம் நூற்றுக்கு 25 ஆகும்.

செயற்கை முறைச் சினைப்படுத்தல் பரவியபின், ஒரு காளையின் செல்வாக்கு எல்லை கடந்தது. 1962 இற் பிறந்த ஆர்லிண்டா சீஃப் என்னும் ஹொல்ஸ்ரைன் காளைக்கு ஏறத்தாழ 16,000 பெண்மக்கள் இருந்தன. அதன் வழிவந்த பாற்பெருக்கத்தின் மதிப்பு 3,000 கோடி டொலர் என ஆய்வாளர் 2016 இற் கணித்தனர். எனினும், கருவிலேயே கன்றை அழிக்கும் பரம்பரையலகு ஒன்றையும் அக்காளை பரப்பிற்று. அதனால் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருக்கள் சிதைந்தன. இழப்பு 42 கோடி டொலர்.

பெற்ற பயன் இழப்பை விஞ்சியதென்பது உண்மையே. ஆகவே, தெரிவு வேண்டாமென்பது முடிபாகாது. தீய அலகு இன்னதென்று அறிந்தபின் அதனைச் சோதித்து விலக்கலாம். ஆனால், குலத்திலிருந்து மறைந்த நல்லியல்பை அக்குலத்துள் மீண்டும் தேடிப் பெறுதல் அரிது. இக்காரணத்தால், ஒரு தலைமுறையில் உறவு நெருக்கம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உயராதிருத்தல் நன்றென வல்லுநர் கூறுவர். 1997 இல் தியோ மியூவிசன் வகுத்த கணக்கு, ஒவ்வொரு விலங்கும் அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு பங்களிக்கலாம் என்பதை இவ்வெல்லைக்குட்பட்டு வரையறுக்கிறது. சிறந்த காளைக்குப் பெரும்பங்கு உண்டு, முழுப்பங்கும் இல்லை.

இன்றைய ஆதாயத்தை முழுவதும் ஒரு குலத்தினின்று பெற முயல்வோன், நாளைய தேவைக்கு வேண்டிய முதலைச் செலவிடுகிறான். நாளை எந்நோய் வருமென்றோ, சந்தை எதனை விரும்புமென்றோ எவரும் அறியார். டச்சஸ் பசுக்களை வாங்கியோர் பொன்னைக் கொட்டினர். கன்றுகளை அப்பொன்னால் வாங்க முடியவில்லை.