இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் மிதியைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் அப்பா றேடியோ கேட்பார். பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் அன்றிரவு சொல்வதை வைத்துத்தான் மறுநாள் வீட்டில் இருப்பதா, வெளிக்கிடுவதா என்று முடிவாகும். ஓர் ஊரின் பெயரை மாறிக் கேட்டாலும் ஆபத்து.

குரல் இரண்டு விதமாகக் குழம்பும். சிலவேளை தேய்ந்து தேய்ந்து மீளும். சிலவேளை ஓர் உறுமல் குரலை மூடிவிடும். "கொஞ்சம் மெதுவாச் சுத்து தம்பி" என்பார் அப்பா. சுற்றும் வேகம் மாற உறுமலும் மாறும். முதலாவது வானத்தில் நேர்ந்த குழப்பம், இரண்டாவது எங்கள் டைனமோவின் குழப்பம் என்று அவருக்குத் தெரியும்.

பின்னாளில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தபோது, இவ்விரண்டையும் பிரித்தறிவது அத்துறையின் முக்கியமான கேள்வி என்று கண்டேன். இன்று நமது கைத்தொலைபேசியும் இதே சிக்கலோடுதான் வேலை செய்கிறது.

தெரிந்த குறியைக் கொண்டு அளத்தல்

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளால் வருகிறது. அவை ஒன்றோடொன்று கூடினால் சமிக்ஞை வலுக்கும். ஒன்றையொன்று அழித்தால் தேயும். வழியில் அலைக்கு நேரும் இந்த மாற்றம் முழுவதையும் அலைத்தடம் எனலாம்.

அதை அறிவதற்காகக் கோபுரம் தரவுக்கு இடையிடையே, இரு தரப்புக்கும் முன்பே தெரிந்த 'பைலட்' குறிகளை அனுப்புகிறது. அப்பா நிகழ்ச்சியின் தொடக்க இசையைக் கேட்டே றேடியோ முள்ளைத் திருத்துவார். அது மனப்பாடம் என்பதால் எவ்வளவு சிதைந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். கைத்தொலைபேசியும் வந்த குறியைத் தெரிந்த குறியோடு ஒப்பிட்டு அலைத்தடத்தை மதிப்பிடுகிறது. பிறகு, அந்த மதிப்பீட்டை வைத்து, வந்த தரவு 0 ஆ, 1 ஆ என்று தீர்மானிக்கிறது. இதுவே சமிக்ஞை கண்டறிதல்.

இதை ஒருமுறை செய்தால் போதாது. 1800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்ரிமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பஸ் 10 மில்லிசெக்கனில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். அதற்குள் அலைத்தடமும் மாறிவிடும். அதனால் 4ஜியில் பைலட் குறிகள் ஒவ்வொரு மில்லிசெக்கனிலும் வருகின்றன.

கருவியின் குறை

கைத்தொலைபேசியின் அலைவெண்ணைத் தீர்மானிப்பது ஒரு சிறு பளிங்கு. அது 10 இலட்சத்தில் 10 பங்கு பிசகினால், 1800 மெகாஹேர்ட்ஸில் 18,000 ஹேர்ட்ஸ் விலகும். 4ஜியின் துணை அலைகளுக்கு இடையில் உள்ளதோ 15,000 ஹேர்ட்ஸ்தான். ஆகவே கைத்தொலைபேசி முதலில் கோபுரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதன் பிறகு அனுமதிக்கப்படும் பிசகு 10 இலட்சத்தில் 0.1 பங்கு மட்டுமே.

எல்லாக் குறையும் இப்படித் திருந்தாது. வலுவைப் பெருக்கும் பாகம் அலையின் உச்சியை நசுக்கிவிடும். 64 நிலைக் குறியீட்டுக்கு 4ஜி தரநியமம் அனுப்பும் கருவியில் 8 சதவீதப் பிழையை அனுமதிக்கிறது. வலுவில் கணக்கிட்டால் அது சமிக்ஞையின் 156இல் ஒரு பங்கு. சமிக்ஞையை இரட்டிப்பாக்கினால் பிழையும் இரட்டிப்பாகும், விகிதம் மாறாது. றேடியோவின் சத்தத்தைக் கூட்டினால் உறுமலும் கூடியது போலத்தான். திரையில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் வலுவையே காட்டும், தெளிவை அல்ல.

இரைச்சல் வெளியிலிருந்து மட்டுமே வருகிறது என்று கணக்கிட்டால், சமிக்ஞை வலுவாக இருக்கும்போது கருவி தன் தீர்மானத்தை அளவுக்கு மீறி நம்பிவிடும். கருவியின் பிழையையும் கணக்கில் சேர்த்தால்தான் மதிப்பீடு நேர்மையாகும். எமில் பியோர்ன்சன் உட்பட நால்வர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கோபுரத்தில் அன்டெனாக்கள் மிகப் பலவாகும்போது அங்குள்ள கருவிகளின் குறைகள் ஏறக்குறையக் கரைந்துவிடும். பயனாளரின் கருவியிலுள்ள குறையே கடைசி எல்லையாக எஞ்சும். ஆகவே கோபுரத்தில் மலிவான பாகங்களைப் பயன்படுத்தவும் இடமுண்டு.

எங்களுக்கு டைனமோவை மாற்ற வழியிருக்கவில்லை. அதன் சத்தம் எது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கழித்துவிட்டு அவர் ஊரின் பெயரைக் கேட்டார்.