ஏழு சிகரங்கள்: ஒரு பட்டியல் பிறந்த கதை

எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டர். ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ 2,228 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவு. கோசியஸ்கோவின் உச்சி வரைக்கும் பாதை இருக்கிறது. காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் மாலைக்குள் இறங்கிவிடலாம். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுத, மலையேற்றத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு மனம் வராது. அவர்கள் மலையை உயரத்தால் மட்டும் அளப்பதில்லை. பாறையின் செங்குத்து, பனியின் குணம், யாரும் போகாத வழி என்று அவர்கள் கணக்கே வேறு. ஒவ்வொரு கண்டத்திலும் உயரமான மலை எதுவோ அதில் ஏறிவிட வேண்டும் என்பது பள்ளிக்கூட அட்லஸை விரித்துப் பார்க்கும் சிறுவனின் ஆசை. அந்த ஆசையை நடுவயதில் தூக்கிக்கொண்டு கிளம்பிய இருவரால்தான் 'ஏழு சிகரங்கள்' என்ற பட்டியல் உலகத்துக்குக் கிடைத்தது.

விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. வில்லியம் ஹாக்கெட் என்ற அமெரிக்கர் 1956-க்குள் ஐந்து கண்டங்களின் உச்சிகளைத் தொட்டிருந்தார். ஐரோப்பாவுக்கு அவர் கணக்கில் வைத்தது மோன் பிளாங்க். ஜப்பானின் நவோமி உயெமுராவும் 1970-க்குள் ஐந்து கண்டங்களை முடித்தார். ஆனால் ஏழையும் யாரும் முடிக்கவில்லை. காரணம் அன்டார்க்டிகா. அங்கே உள்ள வின்சன் சிகரத்தில் மனிதர் முதன்முதலாகக் கால் வைத்ததே 1966-இல்தான். அதுவும் அமெரிக்க அரசின் விமானத்தில் போய் இறங்கிய குழு. சொந்தமாக அங்கே போக எந்த வழியும் கிடையாது.

அந்த இருவரில் ஒருவரான ஃபிராங்க் வெல்ஸ் ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்த காலத்தில், 1954-இல், கிளிமஞ்சாரோ ஏறினார். மற்றக் கண்டங்களிலும் இப்படி ஏற வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது. பிறகு சட்டம் படித்தார், வக்கீல் ஆனார், ஹாலிவுட் ஸ்டூடியோவுக்குள் போனார், படிப்படியாக உயர்ந்து வார்னர் பிரதர்ஸின் தலைவர் நாற்காலிக்கு வந்தார். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆசை அப்படியே இருந்தது.

மற்றவர் டிக் பாஸ், டெக்சாஸ் எண்ணெய்த் தொழில் குடும்பத்துக்காரர். யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியை 1971-இல் திறந்து, அதை நிமிர்த்துவதற்குள் பெரும் பணச் சிக்கலில் மாட்டியிருந்தார். ஓயாமல் பேசுவார். கிப்ளிங் கவிதைகளை மனப்பாடமாக ஒப்பிப்பார், மூச்சு வாங்கும் ஏற்றத்தில்கூட. அந்த விடுதியில் வேலை பார்த்த மார்ட்டி ஹோய் என்ற பெண் தேர்ந்த மலை வழிகாட்டி. அலாஸ்காவின் தெனாலியில் ஏறப் பார்க்கிறேன் என்று பாஸ் சொன்னபோது, வாய்ப்பேச்சு உங்களை அந்த மலை மேல் ஏற்றாது என்று ஹோய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். 1981-இல் அவரையே வழிகாட்டியாகக் கொண்டு பாஸ் தெனாலியின் உச்சிக்குப் போய் வந்தார். வந்ததும் ஏழு கண்டங்களும் அவர் தலைக்குள் புகுந்துகொண்டன.

அதே ஆண்டில் இருவரும் சந்தித்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு பேர் மனத்திலும் ஒரே பட்டியல் இருந்தது. இருவருக்கும் ஐம்பது வயது வாக்கில். வெல்ஸுக்கு மலை அனுபவம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பாஸுக்கும் தெனாலியை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. 1982-இல் வெல்ஸ் வார்னர் பிரதர்ஸ் பதவியை விட்டார். ஹாலிவுட்டில் அந்த நாற்காலிக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு மலைப் பட்டியலுக்காக அதிலிருந்து எழுந்து போவது யாருக்கும் புரியவில்லை. வசதி உள்ளவர்கள், அதனால் முடிந்தது என்று சொல்லலாம். அது உண்மைதான், இந்தப் பட்டியலின் பிறப்பில் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களைப் போலப் பணம் படைத்த ஆயிரம் பேர் அந்த வயதில் வீட்டோடுதான் இருந்தார்கள்.

1982-இல் திபெத் பக்கமிருந்து எவரெஸ்ட் ஏறப் போன லூ விட்டேக்கரின் அமெரிக்கக் குழுவில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மார்ட்டி ஹோயும் அதில் இருந்தார். உச்சிக்குப் போகும் முன்னணியில் அவர் பெயர் இருந்தது. போயிருந்தால் எவரெஸ்ட் தொட்ட முதல் அமெரிக்கப் பெண் அவராகத்தான் இருந்திருப்பார். மே 15 அன்று, சுமார் 8,000 மீட்டர் உயரத்தில், வடக்கு முகத்தின் பெரும் பனி இடுக்கில், ஜிம் விக்வைர் என்ற சக வீரருக்கு வழிவிட அவர் பின்னால் சாய்ந்தார். அடுத்த கணம் ஆளைக் காணோம். விக்வைர் திரும்பிப் பார்த்தபோது ஹோயின் இடுப்புப் பட்டை மட்டும் கயிற்றில் மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது. பட்டையின் வாரைப் பக்கிளுக்குள் ஒருமுறை நுழைத்த பிறகு மறுபடி மடக்கி நுழைக்க வேண்டும். அப்போதுதான் எடை விழும்போது வார் நழுவாது. அந்த ஒரு மடிப்பு விட்டுப்போயிருக்க வேண்டும் என்றுதான் குழுவினர் முடிவுக்கு வந்தார்கள். எத்தனையோ பேருக்குப் பட்டை கட்டச் சொல்லிக்கொடுத்த வழிகாட்டி. ஏழு சிகரங்களின் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. பாஸை முதல் மலையில் ஏற்றியவர் இவர். இவர் இல்லாமல் அந்தப் பட்டியலுக்குத் தொடக்கமே இல்லை.

அவர்கள் நிறுத்தவில்லை. 1983-ஆம் ஆண்டை முழுதாக ஒதுக்கினார்கள். ஜனவரியில் தென் அமெரிக்காவின் அகோன்காகுவா. வசந்த காலத்தில் நேபாளப் பக்கமிருந்து எவரெஸ்ட். குழுவில் சிலர் உச்சி தொட்டார்கள், இவர்கள் இருவரும் தொடவில்லை. ஜூலையில் தெனாலி, செப்டம்பரில் கிளிமஞ்சாரோ, அதே மாதம் ரஷ்யாவில் எல்ப்ரஸ்.

மிச்சம் இருந்ததில் பெரிய தலைவலி அன்டார்க்டிகா. வின்சனின் உயரம் 4,892 மீட்டர்தான். ஏறுவதைவிட அதன் அடிவாரத்தைச் சென்று சேர்வதுதான் பாடு. பனிப்பரப்பில் சறுக்குக் கட்டைகளோடு இறங்கக்கூடிய விமானம் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், போன அளவு திரும்பி வர எரிபொருள் வேண்டும். விமானமாக வாய்த்தது ட்ரை-டர்போ: பழைய டிசி-3 விமானத்தின் உடலில் மூன்று டர்போ என்ஜின்களைப் பொருத்தியது. ஓட்டியவர் ஜைல்ஸ் கெர்ஷா, பிரிட்டிஷ் அன்டார்க்டிக் ஆய்வுத் துறைக்காக அந்தப் பனிக்கு மேல் பறந்து பழகியவர். பிரிட்டனின் பெயர் பெற்ற மலையேறி கிறிஸ் பானிங்டன், எவரெஸ்ட்டில் பனிச்சறுக்கு செய்து புகழ்பெற்ற ஜப்பானின் யூச்சிரோ மியூரா, எழுத்தாளரும் மலையேறியுமான ரிக் ரிட்ஜ்வே ஆகியோரும் கூடப் போனார்கள். முதல் முயற்சியில் காற்று எல்லாரையும் திருப்பியது. பானிங்டன் மட்டும் தனியாக மேலே போய்த் தொட்டுவிட்டு வந்தார். நவம்பர் 30 அன்று பாஸும் வெல்ஸும் உச்சியில் நின்றார்கள். டிசம்பர் 28-இல் கோசியஸ்கோ. ஆறு முடிந்தது.

எவரெஸ்ட் மிச்சம். 1984-இல் வெல்ஸ் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் தலைவரானார், எவரெஸ்ட்டுக்குத் திரும்பவில்லை. பாஸ் தனியாக விடாமல் பிடித்துக்கொண்டார். 1985-இல் ஆர்னே நெஸ் தலைமையிலான நார்வே குழு தென்கிழக்கு முகட்டு வழியில் பாதை போட்டிருந்தது. ஏப்ரல் 21-இல் அந்தக் குழுவோடு பானிங்டன் உச்சிக்குப் போனார். வயது 50, எவரெஸ்ட் ஏறியவர்களில் அன்றைக்கு அவரே மூத்தவர். அந்தப் பெயர் அவரிடம் ஒன்பது நாள்தான் இருந்தது. ஏப்ரல் 30-இல், டேவிட் பிரஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறியோடும் அங் புர்பா என்ற ஷெர்பாவோடும் டிக் பாஸ் உச்சியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 55. ஏழு கண்டங்களின் சிகரங்களையும் தொட்ட முதல் மனிதர்.

முடித்த கையோடு வழக்கு வந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கோசியஸ்கோ எப்படிப் போதும், ஓசியானியாவாக எடுத்தால் நியூகினியில் 4,884 மீட்டர் உயரக் கார்ஸ்டென்ஸ் பிரமிட் இருக்கிறதே, கைகளால் பற்றி ஏற வேண்டிய பாறை ஆயிற்றே என்றார் மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னர். கனடாவின் பாட் மாரோ 1986 மே மாதத்தில் அதில் ஏறி மெஸ்னர் பட்டியலை முதலில் முடித்தார். அந்த ஆண்டுக்குள்ளேயே மெஸ்னரும் வின்சன் ஏறி முடித்தார். மலையின் கடுமையைப் பார்த்தால் மெஸ்னர் பக்கம்தான் நியாயம். ஆனாலும் என் மனம் பாஸின் பட்டியலோடுதான் நிற்கிறது. நடந்து ஏறும் கோசியஸ்கோவும் அதில் இருக்கட்டும் என்றே படுகிறது. இன்று பலர் சண்டையே வேண்டாம் என்று இரண்டையும் ஏறிவிடுகிறார்கள்.

அந்தப் பட்டியல் தொழிலையும் பெற்றுப்போட்டது. மாரோவும் கெர்ஷாவும் மார்ட்டின் வில்லியம்ஸும் சேர்ந்து 1985-இல் அன்டார்க்டிகாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நல்ல வழிகாட்டி இருந்தால் எவரெஸ்ட் தன்னாலும் ஆகும் என்று பாஸைப் பார்த்துச் சாதாரணர்கள் நம்பினார்கள். 1990-இல் ஏழு மாதங்களில் ஏழையும் முடித்த நியூசிலாந்தின் ராப் ஹாலும் கேரி பாலும் அந்த நம்பிக்கையை வைத்தே வழிகாட்டி நிறுவனம் கட்டினார்கள். 1996-இல் எவரெஸ்ட் புயலில் ஒரு வாடிக்கையாளரை விட்டு வர மனமின்றி ஹால் அங்கேயே இறந்தார். எவரெஸ்ட் தொட்ட முதல் பெண்ணான ஜுன்கோ தபே, 1992-இல் ஏழையும் முடித்த முதல் பெண்ணும் ஆனார். நெல்லூர் மாவட்டக் கிராமத்தில் பிறந்து ஐஐடி, ஐஐஎம் படித்த மல்லி மஸ்தான் பாபு, 2006-இல் 172 நாட்களில் ஏழையும் முடித்தார். நல்ல சம்பள உத்தியோகத்தைத் தேடாமல் மலையைத் தேடிப் போனவர். 2015-இல் ஆண்டிஸ் மலையில் உயிர் விட்டார்.

சாதனைப் புத்தகங்களில் முதல் பெயர் பாஸ். வெல்ஸின் பெயர் அங்கே இல்லை, ஆறோடு நின்றவருக்கு அங்கே இடமில்லை. 1994-இல் நெவாடா மலைகளில் பனிச்சறுக்குக்குப் போய்த் திரும்பும்போது ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தார். ஆனால் 1954-இல் கிளிமஞ்சாரோவில் இந்த ஆசையை முதலில் சுமந்தவர் அவர், பதவியை விட்டெறிந்தவர் அவர், அன்டார்க்டிகப் பயணத்துக்கு விமானமும் ஆளும் கிடைக்க மாதக்கணக்கில் மன்றாடியதிலும் பெரும்பங்கு அவருடையது. ரிக் ரிட்ஜ்வேயோடு சேர்ந்து பாஸும் வெல்ஸும் எழுதி 1986-இல் வந்த புத்தகத்தின் அட்டையில் இருவர் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதுதான் சரியான கணக்கு.