வீட்டிலிருந்தவர்கள் வெளியே வந்த தேர்தல்: ஊவாவில் இடைக்கால வாக்களிப்பின் வரலாறு

2014 செப்டெம்பர் 20, சனிக்கிழமை நடந்த, பதுளை, மொனராகலை என்ற இரு மாவட்டங்களைக் கொண்ட இலங்கையின் ஊவா மாகாண சபைத் தேர்தலில் ஆளும் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 349,906 வாக்குகளுடன் வென்றது. 34 ஆசனங்களில் 19 அதற்குக் கிடைத்தன. உற்சாகம் மட்டும் தோற்ற கட்சியிடம் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2009 ஓகஸ்ட் 8ஆம் திகதி, இதே மாகாணத்தில் கூட்டமைப்பு பெற்றது 418,906 வாக்குகள். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் 72.39 வீதம். 2014இல் அது 51.25 வீதமாக இறங்கியது. இழப்பு 69,000 வாக்குகள். எண் இப்படி முழுமையாக வந்தது தற்செயல்தான்.

இந்த 69,000 வாக்குகளும் மறுபக்கம் சாய்ந்துவிட்டன என்பதே அன்றைய பத்திரிகைகளின் பொதுவான வாசிப்பு. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் அந்த வாசிப்பு போதாது என்பது புலப்படும். ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) 129,144 வாக்குகளிலிருந்து 274,773க்கு ஏறியது, கூடியது 145,629. மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) 14,639இலிருந்து 36,580க்கு வந்தது. அரசாங்கம் இழந்த ஒவ்வொரு வாக்கும் ஐ.தே.க.வின் யானைச் சின்னத்துக்கே போனது என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கட்சிக்குக் கூடியதில் பாதிக்கு மேல் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 579,000இலிருந்து 683,000 ஆக, ஒரு லட்சத்துக்கு மேல் பெருகியிருந்தன. இதே காலத்தில் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகை ஏறத்தாழ 875,000இலிருந்து 942,000 வரைதான் கூடியது. புதிதாகப் பதிவானவர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தாலும் கணக்கு நிரம்பாது. 2009இல் வீட்டிலிருந்த ஒரு கூட்டம் 2014இல் வாக்குச்சாவடிக்கு வந்திருக்கிறது. இவர்கள் யார், முன்னர் ஏன் வரவில்லை, பிறகு ஏன் வந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

நாட்டின் தலைமையைத் தீர்மானிக்காத தேர்தல்களில் வாக்களிப்பு குறைவதும் ஆளும் தரப்பு சரிவதும் உலகெங்கும் கண்ட வழக்கம். அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் பொங்கவைத்த வாக்காளர் திரள் இரண்டு ஆண்டுகளில் வற்றிவிடுவதை அங்கஸ் கேம்பல் 1960இல் விளக்கினார். 1979இன் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஆராய்ந்த ரைஃபும் ஷ்மிட்டும் 1980இல் ‘இரண்டாந்தரத் தேர்தல்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள்: இழக்க அதிகமில்லாத இடத்தில் மக்கள் ஒன்றில் வரமாட்டார்கள், அல்லது வந்து ஆள்வோரைத் தண்டிப்பார்கள். 2014 நவம்பரில் அமெரிக்க இடைக்காலத் தேர்தலில் வாக்களித்தோர் தகுதியுள்ளோரில் 37 வீதத்தைக்கூட எட்டவில்லை. எழுபது ஆண்டுகளில் அதுவே மிகத் தாழ்ந்த அளவு. அதற்கு ஏறத்தாழ ஆறரை வாரம் முன்னர் ஊவாவில் வாக்களிப்பு ஏறியிருந்தது. கோட்பாட்டின் ஒரு பாதி இங்கே பொருந்துகிறது, மறு பாதி பொருந்தவில்லை.

இலங்கையில் இடைக்காலத் தேர்தல் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. முன்னர் அந்த வேலையை இடைத்தேர்தல்கள் செய்தன. விகிதாசார முறை வந்ததும் வெற்றிடத்தைப் பட்டியலில் அடுத்தவர் நிரப்பினார். ஆட்சியின் நாடியை இடையில் பிடித்துப் பார்க்க வழியில்லாமல் போனது. 13ஆம் திருத்தமும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் அந்த வழியை எதிர்பாராமல் திறந்துவிட்டன. அதிகாரப் பகிர்வுக்காகப் பிறந்த சபைகள் ஆட்சியின் செல்வாக்கை அளக்கும் கருவிகளாயின. இதை மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கம் நன்கு அறிந்திருந்தது. 2008 மே மாதம் கிழக்கில் தொடங்கி 2009 ஒக்டோபரில் தெற்கில் முடியும்வரை, மாகாணங்களை ஒன்றாகவும் இரண்டாகவும் பிரித்துத் தேர்தல் வைத்தது. போர்க்கள வெற்றிச் செய்தி ஒவ்வொன்றும் ஒரு மாகாணத்தின் வாக்காக மாறிக்கொண்டிருந்தது. ஊவாவின் முறை வந்தபோது போர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முடிவு தெரிந்த தேர்தலில் எதிர்த்தரப்பு வாக்காளர் கூலியை விட்டு வரிசையில் நிற்பதற்குக் காரணமே இருக்கவில்லை.

ஆனால் ஊவாவில் வாக்களிக்காமை 2009இல் பிறந்ததல்ல. அதன் வேர்கள் இரண்டு. ஒன்று தோட்டத்தில், மற்றது கிராமத்தில்.

தோட்டத்துக் கதை பலமுறை எழுதப்பட்டது, ஆகவே சுருக்கமாகச் சொல்லலாம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது குடியிருப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு ஆசனங்களை வென்றது, பதுளையில் எஸ்.எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த ஆண்டு தேர்தல் திருத்தச் சட்டம். 1952இல் அந்த வாக்காளர்கள் இடாப்பிலேயே இல்லை. சனத்தொகையைக் கொண்டு தொகுதி பிரித்தபோது தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தவரின் தலையும் எண்ணப்பட்டது; வாக்குச்சீட்டு கொடுக்கும்போது எண்ணப்படவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைப் பங்கிட்டது. 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் படிப்படியாகப் பிரஜாவுரிமையைத் திருப்பித் தந்தன. ஏறத்தாழ இரண்டு தலைமுறை வாக்குச்சாவடியை வெளியில் நின்று பார்த்த சமூகம் திரும்பி வந்தபோது, வாக்கைக் கையாளும் பொறுப்பை அநேகமாகத் தொழிற்சங்கத்திடமே கொடுத்தது. சந்தா எந்தச் சங்கத்துக்கோ வாக்கும் அந்தப் பக்கம். தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், கட்சித் தலைவர் என்ற வரிசையில் சொல் இறங்கிவரும். இதை அடிமைத்தனம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிதறிய வாக்கு மலையகத்தில் ஒருபோதும் பேரம் பேசியதில்லை.

கிராமத்துக் கதை வேறு. மொனராகலை மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் சிங்களவர். தோட்டத் தமிழர் சிறு தொகையினர். பிபிலை, மொனராகலை, வெல்லவாய என்ற மூன்று தொகுதிகளும் சேனைப்பயிர், கரும்பு, இறப்பர் ஆகியவற்றை நம்பிய வறண்ட நிலம். முதலாவது ஊவா மாகாண சபைத் தேர்தல் 1988 ஏப்ரல் 28இல் நடந்தபோது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி அதைப் பகிஷ்கரித்தது, ஜே.வி.பி. வாக்களிப்போரை மிரட்டியது. அவ்வாண்டு டிசெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் 55 வீதமானோர் வாக்களிக்க, மொனராகலையில் அது 20 வீதத்துக்கும் கீழே நின்றது. அச்சத்தால் வீட்டிலிருந்த மாவட்டம் அது. 1993, 1999, 2004 மாகாண சபைத் தேர்தல்களில் மக்கள் திரும்பி வந்தார்கள். ஆனாலும் மூன்றிலும் மத்தியில் ஆண்ட தரப்பே ஊவாவிலும் வென்றது. மொனராகலை கொழும்பில் யார் ஆள்கிறார்களோ அவர்களுடன் நிற்கும் என்பது பழகிப்போன கணிப்பாயிற்று.

2014இல் இந்தக் கணிப்புத்தான் முதலில் ஆட்டங்கண்டது. மாவட்ட முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதிர்பாராத ஒன்று தெரிகிறது. பதுளையில் கூட்டமைப்பின் வாக்கு 259,069இலிருந்து 209,056க்கு வீழ்ந்தது, ஐம்பதாயிரம் இழப்பு. மொனராகலையில் 159,837 என்பது 140,850 ஆனது, இழப்பு பத்தொன்பதாயிரத்துக்குள். ஆனால் அங்கு அதன் பங்கு 81 வீதத்திலிருந்து 58 வீதத்துக்குச் சரிந்துவிட்டது. கட்சி தன் ஆட்களைப் பெரிதாக இழக்கவில்லை. சாவடிக்கு வந்த கூட்டம்தான் பெருத்துவிட்டது. செல்லுபடியான வாக்குகள் பதுளையில் ஏறத்தாழ 15 வீதமும் மொனராகலையில் 20 வீதத்துக்கு மேலும் கூடின. முதலமைச்சர் ஷசீந்திர ராஜபக்ஷ போட்டியிட்டதும் மொனராகலையில்தான். மூன்று ஆசனங்கள் பதுளையிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டதும் அந்த மாவட்டத்துக்குத்தான். பதுளைக்கு 21 ஆக இருந்தது 18 ஆகியது, மொனராகலைக்கு 11 ஆக இருந்தது 14 ஆகியது. தனக்குப் பாதுகாப்பானது என்று அரசாங்கம் எண்ணிய நிலத்தில்தான் வீட்டிலிருந்தவர்கள் அதிகமாக வெளியே வந்தார்கள்.

காரணங்களில் முதலாவது வறட்சி. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் குளங்கள் வற்றின, பவுசரில் குடிநீர் வந்தது. தேர்தல் காலத்து அரச வளப் பயன்பாடு பற்றிக் கண்காணிப்பு அமைப்புகள் முறையிட்டன. கொடுப்பவர் கைக்குத்தான் வாக்கு என்ற கணிப்பு, தண்ணீரே இல்லாத ஆண்டில் பலிக்கவில்லை. இரண்டாவது, வெல்லலாம் என்று நம்பும்படியான ஒரு வேட்பாளர். ஹரின் பெர்னாண்டோ நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்துவிட்டு மாகாண சபைக்கு வந்தார். எம்.பி. பதவியை விட்டு மாகாண சபைக்கு இறங்குவது நம் அரசியலில் அபூர்வம். பதுளையில் யானைக்கு விழுந்த 197,708 வாக்குகளில் 173,993 வாக்குச்சீட்டுகளில் அவருக்கு விருப்பு வாக்கு இருந்தது. கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டுவிட்டு, கீழே உள்ள இலக்கங்களைத் தேடாமல் சீட்டை மடித்துவிடுவோர் எப்போதும் பலர் இருக்கும் நாட்டில், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே இலக்கத்தைத் தேடி அடையாளமிட்டிருக்கிறார்கள்.

அந்த 197,708ஐ இன்னொரு எண்ணுடன் ஒப்பிட வேண்டும். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் பதுளையில் எதிர்த்தரப்பு வேட்பாளர் சரத் பொன்சேகா பெற்றது 198,835. மூன்று மாதத்துக்குள் நடந்த பொதுத் தேர்தலில் ஐ.தே.க.வுக்கு விழுந்தது 112,886 மட்டுமே. பெரிய தேர்தலில் விழுந்து சிறிய தேர்தலில் விழாத ஏறத்தாழ 86,000 வாக்குகளின் இடைவெளி 2014இல் அப்படியே மூடிவிட்டது. 

தோட்டங்கள் இதில் எவ்வளவு? வாக்குகள் தொகுதிவாரியாக அறிவிக்கப்படுவதால், பசறையில் லயத்து வாக்கு இவ்வளவு, கிராமத்து வாக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது; ஊகத்தைப் புள்ளிவிபரமாக எழுதுவது ஆய்வாகாது. தெரிந்தவற்றிலிருந்து தொடங்கலாம். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர், பெரும்பாலும் மலையகத் தமிழர். பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய தொகுதிகளில் அவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) அப்போது அரசாங்கத்தின் பக்கம் நின்றது. 2009இல் மண்வெட்டிச் சின்னத்தில் தனித்துப் போட்டியிட்ட மலையக மக்கள் முன்னணி 9,227 வாக்குகளுடன் ஓர் ஆசனம் எடுத்தது. அதன் ஸ்தாபகர் பெ. சந்திரசேகரன் 2010 புத்தாண்டு நாளில் காலமானார்.

தேர்தல் நாள் ஒரு தோட்டத்தில் எப்படிக் கழிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வேலை நாள். வாக்களிக்க விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் உண்டு. ஆனால் 2013 கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளமான 620 ரூபாயில் 140 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. மாதத்தில் வேலை தந்த நாட்களில் 75 வீதம் ‘பேர்’ போட்டால்தான், அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவானால்தான், அது கிடைக்கும். ஆகவே ‘பேர்’ விழுமா விழாதா என்பதே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் முதல் கேள்வி. பிறகு தோட்டப் பாடசாலைக்கு நடக்க வேண்டும், கையில் அடையாள அட்டை, மடியில் கட்சிக்காரர் கொடுத்த மாதிரி வாக்குச்சீட்டு. தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்குக் கொழுந்துக்காரிகள் பிற்பகலில்தான் இறங்குவார்கள். சாவடி நான்கு மணிக்கு மூடப்படும். இத்தனையையும் தாண்டி வருகிறவரின் வாக்களிப்பை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் நிராகரிக்கப்படும் வாக்குகளின் அளவு எப்போதும் கூடுதலாக இருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்: வரும் ஆர்வத்துக்குக் குறைவில்லை, சீட்டு நிரப்பும் முறைதான் கடினம்.

தலைமையின் சொல்லுக்கும் வாக்குக்கும் இடையில் விழுந்த விரிசலை 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தல் தெளிவாகக் காட்டியது. இ.தொ.கா. ராஜபக்ஷவை ஆதரித்தது, அதன் கோட்டையான நுவரெலியாவில் எதிர்த்தரப்பின் பொது வேட்பாளர் மைத்திரிபால சிறிசேன 63.88 வீதம் பெற்றார். பதுளையில் சிறிசேன 249,524, ராஜபக்ஷ 249,243. வித்தியாசம் 281 வாக்குகள். அதற்குப் பத்து வாரம் முன்னர், ஊவாத் தேர்தல் முடிந்து ஆறு வாரம் ஆவதற்குள், ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்ற கோரிக்கை அதன் பிறகு மேடைக்கு மேடை ஒலித்தது. 2015 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் என இரண்டு மலையகத் தமிழர் பதுளையிலிருந்து நாடாளுமன்றம் சென்றனர். 2010இல் அந்த மாவட்டம் ஒருவரையும் அனுப்பவில்லை.

இரண்டு ஆண்டு பதவிக்காலம் எஞ்சியிருக்க, 2014 நவம்பர் 20இல் ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தார். ஊவாவில் இறங்கிய செல்வாக்கு இன்னும் இறங்குமுன் முந்திக்கொள்ளும் கணக்கு அது என்பதே என் கருத்து. மறுபக்கம், மெலிந்திருந்த எதிர்க்கட்சிகளை ஒரு பொது வேட்பாளருக்காகத் திரளலாம் என்று நம்பவைத்ததும் அதே ஊவா எண்கள்தான்.

அதன் பின்னர் கருவியே கைவிடப்பட்டது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதியதும் இல்லை. 2019இல் ஊவா சபை கலைந்தது. இடைக்கால அளவுகோலாக உள்ளூராட்சித் தேர்தல் மட்டும் மிஞ்சியது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 61.56 வீதம் பெற்று, பதுளையிலிருந்து கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் ஆகியோரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தேசிய மக்கள் சக்தி, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் நாடளாவிய ரீதியில் 43.26 வீதத்துக்கு இறங்கியது. வாக்களிப்பும் ஏறத்தாழ 69 வீதத்திலிருந்து அறுபதைச் சற்றுத் தாண்டிய அளவுக்குக் குறைந்தது. இம்முறை ஆள்வோரின் ஆட்கள் வீட்டிலிருந்தார்கள். ஊவா மாகாண சபைக்கோ 2025இல் முப்பது வயதை எட்டாத எவரும் ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை.