கறுப்புக் களிப்பாறையும் கடலடிப் படமும்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் போர் போடும்போது பல இடங்களில் மேல்மண்ணைத் தாண்டியதும் சாம்பலும் கறுப்புமாகக் களிப்பாறை வரும். இந்தப் பகுதியின் பாறைகளை 1873-ல் விவரித்து எழுதியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். இதே வரிசையைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில் பதிந்திருந்த இலைகளை ஃபைஸ்ட்மான்டெல் 1879-ல் படங்களோடு வெளியிட்டார். அவை 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை.

கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வகை உயிர்கள் எப்படி வந்தன? நடுவிலிருந்த நிலம் மூழ்கிவிட்டது என்பதுதான் அன்றைய விடை. 1864-ல் ஸ்கிளேட்டர் அப்படியொரு நிலத்துக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். நம்மவர்கள் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் படம் போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம்.

நிலம் மூழ்கவில்லை, விலகியது என்று 1912-ல் வேகனர் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. கடலடி எப்படியிருக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. நான் பூகோளம் எடுத்த வகுப்பில் தொங்கிய உலகப் படத்திலும் கடல் வெறும் நீலம்தான்.

அந்த நீலத்தை விலக்கிக் காட்டியவர் அமெரிக்காவின் மேரி தார்ப். பெண் என்பதால் பல ஆண்டுகள் அவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. கப்பல்கள் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்து மேசையில் உட்கார்ந்தே வரைந்தார். அவரும் புரூஸ் ஹீசனும் செய்த வேலையைக் கொண்டு ஹைன்ரிக் பெரான் தீட்டிய இந்தியப் பெருங்கடல் படத்தை 1967-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் வெளியிட்டது. அதில் 90 பாகை கிழக்கில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தெற்கு வடக்காக ஒரு மலைத்தொடர் ஓடும். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது எரிமலைக் குழம்பு விட்டுச்சென்ற தடம் அது. மூழ்கிய பெருங்கண்டத்துக்கு அங்கே இடமில்லை.

குமரிக்கண்டம் நம் இலக்கிய நினைவு. அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தட்டு நகர்வு நடத்தும் வகுப்பில் மாட்ட வேண்டியது கடலடிப் படம். கூடவே நம் கிழக்குக் கரையையும் அண்டார்டிகா கரையையும் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்கச் சொல்லலாம். அந்த இரண்டும் பிரிந்த காலத்தில் உண்டான பள்ளத்தில் படிந்த சேறுதான் இன்று நம் காலுக்குக் கீழே இருக்கும் களிப்பாறை. அடுத்த தெருவில் போர்வெல் லாரி வந்தால், ஒரு கைப்பிடி கறுப்புச் சில்லை எடுத்துவந்து பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள்.