ஊராள உரியவர் யார்?



ஓர் ஊரை ஆளும் அவையில் அமர்வதற்கு ஒருவருக்கு வேண்டிய தகுதிகள் யாவை? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஓர் ஊரார் இதனை ஆராய்ந்து, தாம் கண்ட விடையைக் கல்லில் வெட்டி வைத்தனர். அவ்விடையில் நாம் போற்றிக் கொள்ளத்தக்கதும் உண்டு, விலக்கத்தக்கதும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு காணப்படுகின்றன. ஒன்று அவனது 12 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919 இல் வெட்டப்பட்டது. மற்றொன்று 14 ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921 இல் வெட்டப்பட்டது. 1898 ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்த பின்னரே இவற்றின் அருமையை உலகம் அறிந்தது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இக்காலத்தில் நாம் வார்டு என்று சொல்வதை அக்காலத்தார் குடும்பு என்றனர். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிப்பார். சூதறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்குகின்றவர் ஐந்து விரல்களும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்கப் படிப்பார். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாதன்றோ? இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்தவர்கள் ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய குழுக்களில் 360 நாள் பணியாற்றி விலகுவர்.

ஆனால் குடத்தில் பெயர் விழுவதற்கு முன் ஒருவர் கடக்க வேண்டிய வாயில்கள் பல. 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி அவர் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருத்தல் வேண்டும். கால் வேலி என்பது பிற்கால அளவில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதியாகும். தம் மனையிலேயே வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கல்வியில் மிகுந்தவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். காரியங்களில் வல்லவராகவும், தூய வழியில் ஈட்டிய பொருளுடையவராகவும் இருத்தல் வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் இயலாது.

எல்லாவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் விட்டவர் பெயர் குடத்தில் புகலாகாது. அவர் பெயர் மட்டுமன்று. தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன் என அவருடைய உறவினர் பட்டியலே கல்லில் உள்ளது. அவர்களுள் ஒருவரும் வருதல் கூடாது. அண்ணன் செய்த தவற்றைத் தம்பியைக் கொண்டு மூடிவிடலாம் என்னும் தந்திரத்தை அவ்வூரார் நன்கு அறிந்திருந்தனர் போலும்!

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது இப்பாடத்தை மிக்க பெருமிதத்துடன் நடத்துவது வழக்கம். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, என் தந்தையாருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. அவர் பெயரை அந்தக் குடத்தில் போட்டிருப்பார்களா?" என்று வினவினான். "போட்டிருக்க மாட்டார்கள்" என்பதைத் தவிர எனக்கு வேறு விடையில்லை. அவன் அமைதியாக அமர்ந்துவிட்டான். அன்று முதல் அப்பாடத்தை நான் பழைய முறையில் நடத்தவில்லை.

அம்மாணவன் கேட்டது நேர்மையான கேள்வி. உத்தரமேரூர்ச் சபை பிராமணர் குடியிருப்பின் சபை. நிலமற்ற உழவரும், கைத்தொழிலாளரும், பெண்டிரும் அக்குடத்திற்கு வெளியே நின்றனர். நெடுங்காலத்திற்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நகரசபைகள் பெருகியபோதும், வரியும் சொத்துமே வாக்குரிமைக்கு அளவுகோலாயின.

வாயில்கள் ஒவ்வொன்றாகவே திறந்தன. 1937 இல் சென்னை மாநகராட்சியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். 1956 இல் தாரா செரியன் அம்மையார் அந்நகரின் முதற் பெண் மேயரானார். 1992 இல் நிறைவேறிய 74 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றத்தில் அமர 25 வயது வேண்டும். நகராட்சி மன்றத்தில் அமர 21 வயதே போதும் என்று அது வகுத்தது. பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ப இடங்களையும், பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்களையும் ஒதுக்கியது. தமிழ்நாடு 2016 இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னை மேயராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண்மணி. உத்தரமேரூர் விதிப்படி அவர் பெயரெழுதிய ஓலை குடத்தின் அருகிலும் சென்றிராது.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம்: "நிலம் வேண்டாம், பிறப்பு வேண்டாம், கல்வியுமா வேண்டாம்?" இது புத்தகத்துக் கேள்வியன்று. 2015 இல் அரியானா மாநிலம் ஊராட்சித் தேர்தலில் நிற்போருக்குப் பள்ளித் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. பொதுப் பிரிவு ஆடவர் பத்தாம் வகுப்பும், அப்பிரிவுப் பெண்டிர் எட்டாம் வகுப்பும் தேறியிருத்தல் வேண்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இராசத்தானம் இத்தகைய விதியை 2014 இல் புகுத்தி, 2019 இல் நீக்கிவிட்டது.

கல்வியையே வாழ்வாகக் கொண்ட நான் அவ்விதியை வரவேற்பேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். என்னால் இயலவில்லை. பள்ளிக்கூடத்தை அருகில் அமைத்துத் தராதது யார் குற்றம்? படிக்க விரும்பிய சிறுமியைக் களையெடுக்க அனுப்பிய வறுமை யார் குற்றம்? பள்ளி கிட்டாதவரை, பள்ளி கிட்டவில்லை என்பதற்காகவே மன்றத்திலிருந்தும் விலக்குதல் ஒரு தவற்றுக்கு இருமுறை தண்டிப்பதாகும். எழுத்தறியாத ஒருவர் ஏரி மதகின் பழுதை அறிவார். எவர் வீட்டுக் குழாயில் நீர் வரவில்லை என்பதை அறிவார். அவரை ஏற்பதும் மறுப்பதும் வாக்காளர் உரிமை. வாக்காளருக்கு முன்னே சட்டம் புகுந்து அவரை விலக்குதல் தகாது.

அவ்வாறாயின் பழங் கல்வெட்டை முழுவதும் தள்ளிவிடலாமா? கூடாது. அதில் இருவகை விதிகள் கலந்திருப்பதைக் காணுங்கள். நிலம், மனை, குலம் என்பன ஒருவர் என்ன உடையார் என்று கேட்கின்றன. தூய பொருள், காட்டிய கணக்கு, விலகி நின்ற மூன்றாண்டு என்பன ஒருவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்று கேட்கின்றன. முன்னையவற்றைக் காலம் களைந்தது, களைந்தது நன்றே. பின்னையவற்றை நாம் கைவிடலாகாது. இன்றைய சட்டமும் இவ்வழியையே ஓரளவு பின்பற்றுகின்றது. சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் நிற்றல் இயலாது. தேர்தல் செலவுக் கணக்கைத் தாராதவர் தகுதியிழக்க நேரும். எனினும் கணக்குக் காட்டாதவர் தம் உறவினரை முன்னிறுத்தி ஆளும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. விழிப்புள்ள வாக்காளர் வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் பலருக்கு இன்னும் சில ஆண்டுகளில் 21 வயது நிரம்பும். ஊரின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், வேட்புமனு அளிக்கும் வாயில் உங்களுக்கும் திறக்கும். உங்கள் தந்தையாருக்கு எத்தனை குழி நிலம் என்று அங்கே யாரும் வினவ மாட்டார்கள். அன்று என் வகுப்பில் எழுந்த அம்மாணவனுக்கு இன்று நான் தரக்கூடிய விடை இதுவே. ஆனால் பதவி முடிந்து வெளியே வரும்போது கணக்கு எங்கே என்று ஊரார் கேட்டால், அதனை விரித்த உள்ளங்கையில் வைத்துக் காட்ட உங்களால் இயல வேண்டும்.