ஊழிவெள்ளத்துக்கு முந்திய சொல்

ஆன்ட்டிடிலூவியன் என்னும் ஆங்கிலப் பெயரடை, காலத்துக்கு ஒவ்வாத பழமையை எள்ளலாகச் சுட்டவே இன்று பெரிதும் வழங்குகிறது. ஆயினும் அது காலத்தை வரையறுக்கும் சொல்லாகவே பிறந்தது. 'முன்' எனப் பொருள்படும் ஆன்ட்டே, 'வெள்ளம்' எனப் பொருள்படும் டிலூவியம் ஆகிய இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கையான இதில், பின்னது 'கழுவிக் கரைத்தல்' என்னும் வினையடியிலிருந்து வந்தது. விவிலியம் கூறும் நோவாவின் ஊழிவெள்ளமே இங்குக் கருதப்பட்ட வெள்ளமாகும். நாரிச் நகரத்து மருத்துவர் தாமஸ் பிரௌன், மக்களிடையே வேரூன்றிய பொய்ந்நம்பிக்கைகளை ஆராய்ந்து 1646இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லை ஆண்டார். நகைச்சுவைப் பொருள் 18ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டபோதிலும், அறிஞர்களிடையே சொல்லின் மூலப்பொருள் மதிப்பிழக்கவில்லை.

1821இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள கர்க்டேல் குகையில், கழுதைப்புலி, யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் எலும்புகள் சேற்றுப்படிவில் புதைந்து கிடந்தன. வெப்பநாட்டு விலங்குகளின் உடல்களை ஊழிவெள்ளம் அடித்து வந்திருக்கும் என்ற எளிய விளக்கத்தை ஆக்ஸ்ஃபோர்டு நிலவியலறிஞர் வில்லியம் பக்லண்ட் ஏற்கவில்லை. உயிருள்ள கழுதைப்புலி ஒன்று மாட்டெலும்பைக் கடித்து உடைத்ததில் விழுந்த பற்குறிகளைக் குகை எலும்புகளின் குறிகளோடு ஒப்பிட்ட அவர், அக்குகை கழுதைப்புலிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வளை என்றும், ஏனைய விலங்குகள் அவற்றுக்கு இரையாயின என்றும் நிறுவினார். எனினும், எலும்புகளை மூடிய சேற்றை ஊழிவெள்ளத்தின் எச்சமாகவே கொண்டு, 1823இல் 'ரெலிக்கியே டிலூவியானே' என்னும் நூலை வெளியிட்டார். சரளையும் களிமண்ணும் கலந்து பரவலாகக் கிடந்த படிவுகளை டிலூவியம் என்றும், ஆறுகள் பின்னர்க் கொணர்ந்த வண்டலை அலூவியம் என்றும் அவர் பிரித்து வழங்கினார்.

ஆனால், அப்படிவுகள் ஒரே காலத்தவை அல்ல என்பது ஆய்வுகளால் தெளிவாகவே, வெள்ளக் கோட்பாட்டை முன்பு ஆதரித்திருந்த ஆடம் செட்ஜ்விக், 1831இல் லண்டன் நிலவியல் கழகத் தலைவராக ஆற்றிய உரையில் அதை வெளிப்படையாகக் கைவிட்டார். 1840இல் சுவிட்சர்லாந்து இயற்கையறிஞர் லூயி அகாசி பிரித்தானியாவுக்கு வந்து, இத்தகைய படிவுகள் பழங்காலப் பனியாறுகளின் வேலை என்று எடுத்துரைத்தபோது, அவருடன் ஸ்காட்லாந்தில் பயணம் செய்த பக்லண்டும் அம்முடிவை ஏற்றார்.

இதனால் டிலூவியம் அறிவியல் வழக்கினின்று நீங்க, அதே வினையடியில் கிளைத்த அலூவியம் மட்டும் ஆற்று வண்டலின் பெயராக நிலைத்தது. மறைநூலின் சான்றைத் தேடிச் சென்றவர்களே, மண்ணும் எலும்பும் காட்டிய உண்மைக்கு இணங்கித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதே இச்சொல்லின் வரலாறு கற்பிக்கும் பெரும்பாடம்.