அலையை வென்ற மெல்லிய பலகை

கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் வாழும் தங்கவயல் மக்களுக்குப் படகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டபோது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆளாயினும் சரக்காயினும் படகிலேறித்தான் கரை சேர வேண்டும்.

இடையில் சீறி மடியும் பேரலைகள் இருந்தன. ஆணியடித்துக் கனமாகக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் அவற்றில் அகப்பட்டுத் தரையில் மோதிப் பிளந்தன. நம்மவர் கட்டிய மசூலாப் படகோ பிழைத்தது. அதில் ஆணியும் இல்லை. குறுக்குச் சட்டமும் இல்லை. மெல்லிய பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, இணைப்புகளில் நாரும் புல்லும் வைத்து இறுக்கியிருந்தனர். அலை அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும்.

இதன் நுட்பத்தைச் சிறிது காண்போம். பலகையின் கனத்தை இரட்டித்தால் எடை இரு மடங்காகும். சுமை தாங்கும் வலிமை நான்கு மடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகும். அசையாத சுமையைத் தாங்கக் கனம் நன்று. ஆனால் வளைந்தே தீர வேண்டிய இடத்தில், ஒரே அளவு வளைத்தால் கனத்த பலகையே முதலில் பிளக்கும். மூங்கிற் கழியைக் கூடையாக வளைக்க முடியுமா? அதைச் சீவிய பிளாச்சு வளைகிறதன்றோ!

ஆகவே, எவ்வளவு கனம் என்று கேட்பதற்கு முன், எதைத் தாங்க என்று கேட்பதே அறிவுடைமை. நம் முன்னோர் சுரங்கத்தில் முட்டுக் கொடுத்த மரமும் இதையே கற்பித்தது. பாரம் மிகும்போது மரம் முனகும். அம்முனகலைக் கேட்டு உயிர் தப்பலாம்.

1875க்குப் பின் சென்னையில் துறைமுகம் எழலாயிற்று. 1881ஆம் ஆண்டுப் புயல் அதன் கல்லணைகளைச் சிதைத்தது. எனினும் அது மீண்டும் கட்டப்பட்டது. மசூலாப் படகின் தேவை படிப்படியாகக் குறைந்தது. தைத்த கைகளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. 2001இல் நம் சுரங்கமும் மூடப்பட்டது. மரத்தின் முனகலை அறிந்த பெரியோர் இன்னும் சிலர் நம் லைன்களில் இருக்கின்றனர். இளைஞர்களே, இன்றே அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.